மத்தியானம் மூணு மணிக்கு அப்பா எங்க உக்காருவார்? க்ரூஸ் புக் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசலாம்

நீங்க கேட்டத முதல்ல ஒரு தடவ சொல்லிடறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். பாண்டி லாஸ்பேட்டைல வீடு, மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 64, அம்மாவுக்கு 60, அம்மாவுக்கு முட்டி வலி, ரெண்டு பேரும் சுத்த சைவம். நீங்க, உங்க வீட்டுக்காரம்மா, ஏழு வயசு பொண்ணு, அப்புறம் கல்யாணம் ஆகாத தம்பி. கையில அஞ்சு லட்சம், பாப்பா ஸ்கூல் லீவுல போகணும், எந்த க்ரூஸ் நல்ல க்ரூஸ்?

எந்த க்ரூஸ் நல்ல க்ரூஸ்னு கேக்கறது எந்த சைஸ் செருப்பு நல்ல செருப்புன்னு கேக்கற மாதிரி. நான் கடலூர் முதுநகர்காரன், பதினோரு வருஷம் கப்பல்ல கேபின் ஸ்டூவர்டா வேலை பாத்தேன், அதாவது ரூம் கூட்டி, படுக்க விரிச்சு, டவல்ல குரங்கு யானை எல்லாம் செஞ்சு வைக்கிற வேலை. ரூம் சுத்தம் பண்றவனுக்கு ஒண்ணு நல்லா தெரியும், யாரு சந்தோஷமா இருக்காங்க, யாரு எப்படா இறங்கலாம்னு நாள் எண்றாங்கன்னு. சந்தோஷமா இல்லாதவங்க மோசமான கப்பல்ல ஏறினவங்க இல்ல, தங்களுக்கு ஒத்து வராத கப்பல்ல ஏறினவங்க.

ஒரு அம்மாவ மறக்கவே முடியாது. பெரிய கப்பல், பதினஞ்சு பதினாறு மாடி, அன்னைக்கு முழுக்க கடல்லயே போற நாள். எட்டாவது மாடி லிஃப்ட் பக்கத்துல ஒரு நாற்காலி இருக்கும், யாரும் உக்கார மாட்டாங்க, சும்மா அழகுக்கு போட்டது. அதுல காலைல பத்து மணிக்கு பாத்தேன், மத்தியானம் மூணு மணிக்கு நான் துணி வண்டி தள்ளிட்டு போறப்பவும் அங்கேயே உக்காந்திருக்காங்க, மடில முறுக்கு கவர், சுங்குடி புடவை, மேல ஆம்பள ஸ்வெட்டர். ஏசி குளிர் தாங்கல. என் சட்டைல இருந்த பேர் பட்டையப் பாத்துட்டு "தம்பி தமிழா?"ன்னாங்க. மகன், மருமக, பேரன் எல்லாம் மேல தண்ணி சறுக்குல. இவங்களுக்கு ரூம் நம்பர் மறந்துபோச்சு, கீழ் மாடிக்கு போனா வழி தெரியாது, மேல போனா பாட்டு சத்தம். அதனால லிஃப்ட் பக்கத்துல உக்காந்தா எப்படியும் வீட்டு ஆளுங்க இந்த வழியாதான் வருவாங்கன்னு உக்காந்துட்டாங்களாம். அந்த கப்பல் சாதாரண கப்பல் இல்ல, லட்சக்கணக்குல குடுத்து ஏறின கப்பல்.

அதுல இருந்து யாரு கேட்டாலும் நான் கேக்கற முதல் கேள்வி இதுதான், கடல்லயே போற நாள்ல மத்தியானம் மூணு மணிக்கு உங்க வீட்டு ஆளு ஒவ்வொருத்தரும் எங்க உக்காந்திருப்பாங்க? காலைல பிரச்சனை இல்ல, டிபன், வேடிக்கைன்னு ஓடிடும். சாயந்தரம் ஷோ, சாப்பாடு. அந்த மூணு மணிதான் சோதனை. உங்க பொண்ணுக்கு கவலையே இல்ல, கிட்ஸ் கிளப்னு ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் மூணு வயசுல இருந்து பதினொண்ணு பன்னெண்டு வரைக்கும் சேத்துப்பாங்க, பகல்ல காசு கிடையாது, ராத்திரி லேட்டா விட்டாதான் மணிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. தம்பி நீச்சல் குளத்தாண்ட இருப்பார். அப்பா அம்மா? நிழலு, காத்து, முதுகு சாய நாற்காலி, கிட்டயே பாத்ரூம், காபி, கடல் தெரியணும், பாட்டு காதுல இடிக்கக்கூடாது. இந்த மாதிரி இடம் இருக்கற கப்பலும் இருக்கு, இல்லாததும் இருக்கு. இருக்கான்னு பாக்க ஒரு சின்ன கணக்கு சொல்றேன்.

கப்பலுக்கு கிராஸ் டன்னேஜ்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. டன்னுன்னு பேரு இருந்தாலும் அது எடை இல்ல, உள்ள எவ்வளவு இடம் அடங்குதுங்கற அளவு. அத ரூமுக்கு ரெண்டு பேருன்னு கணக்கு பண்ற பயணி எண்ணிக்கையால வகுங்க. முப்பதுக்கு கீழ வந்தா பொங்கல் லீவு பஸ் ஸ்டாண்டு மாதிரி, நாப்பதுக்கு மேல வந்தா காலு நீட்டலாம். உலகத்துலயே பெருசுன்னு 2024 ஜனவரில வந்துச்சே ஐகான் ஆஃப் தி சீஸ், அது 2,48,663 டன், ரெண்டு பேர் கணக்குல 5,610 பேர், வகுத்தா 44. நம்ம சென்னைல இருந்து கிளம்புற கார்டேலியா எம்ப்ரஸ் 48 ஆயிரம் சொச்சம் டன், 1,600 பேருன்னு வச்சா 30. பெரிய கப்பல்னா கூட்டம், சின்ன கப்பல்னா அமைதின்னு நாம நினைக்கிறது எப்பவும் சரியா இருக்காது. மூழ்கிப்போன டைட்டானிக் 46 ஆயிரம் டன்தான், அத வச்சு எம்ப்ரஸ் எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கங்க. நம்ம கண்ணுக்கு பெருசு, இப்ப வர்ற கப்பல் பக்கத்துல நிறுத்தினா தோணி.

அந்த எம்ப்ரஸ் பத்தியே முதல்ல பேசிடலாம், ஏன்னா பாண்டில யாரு க்ரூஸ்னு வாய தொறந்தாலும் அதுதான் ஞாபகம் வரும். 2022ல இங்க வரப்போகுதுன்னதும் சூதாட்டம் வந்துடும், கலாச்சாரம் கெட்டுடும்னு ஒரே எதிர்ப்பு, அனுமதி கிடைக்கல. அப்புறம் 2025 ஜூலைல வந்துச்சு, ஆனா கரைக்கு வரல, வரவும் முடியாது, அவ்வளவு ஆழம் இங்க இல்ல. கடல்ல நங்கூரம் போட்டு நின்னுச்சு, ஆளுங்கள சின்ன போட்ல ஏத்தி கொண்டு வந்து இறக்கினாங்க. எங்க கடலூர் துறைமுகத்துல எங்க தாத்தா காலத்துல பாத்த கதைதான், கப்பல் வெளிய நிக்கும், தோணி போய் சரக்கு எடுத்துட்டு வரும். இப்ப சரக்குக்கு பதிலா டூரிஸ்ட்.

இந்த சின்ன போட் விஷயத்த மனசுல வச்சுக்கங்க, உங்க அம்மா முட்டிக்கு அதுதான் முக்கியம். கப்பல் துறைல கட்டி நின்னா பாலம் மாதிரி ஒண்ணு போடுவாங்க, வீல்சேர்லயே இறங்கலாம். நடுக்கடல்ல நின்னா டெண்டர் போட்னு சொல்வாங்க, கப்பல் பக்கவாட்டுல ஒரு கதவு, அதுல இருந்து ஆடுற போட்டுக்குள்ள கால எடுத்து வைக்கணும். ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு கைய புடிச்சுப்பாங்க, போட் மேல வர்ற நேரம் பாத்து "இப்ப"ன்னு சொல்வாங்க, அந்த நொடில கால் வைக்கணும். இருபது வயசுக்கு அது விளையாட்டு. முட்டி மடங்காதவங்களுக்கு அந்த ஒரு அடி பெரிய மலை. கடல் கொஞ்சம் ஆடுச்சுன்னா வீல்சேர் ஆளுங்கள ஏத்தவே மாட்டாங்க. அதனால எந்த ரூட்டு எடுத்தாலும் ஒவ்வொரு ஊர்லயும் துறைல கட்டுவாங்களா டெண்டரான்னு புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டு வாங்குங்க.

எம்ப்ரஸ்ல நல்லதும் இருக்கு. கப்பல் 1990ல கட்டினது, பழசு, ரூமு சின்னது, ஆனா சாப்பாட்டு கவலை கிடையாது, நம்ம ஊரு சாப்பாடு, ஜெயின் சாப்பாடு எல்லாம் உண்டு, பாஷை பிரச்சனை இல்ல, ரெண்டு நாள் மூணு நாள்னு குட்டி ட்ரிப் இருக்கு, சென்னை வரைக்கும் ஈசிஆர்ல கார்ல போனா ஃப்ளைட் செலவு மிச்சம். பொதுவா அரபிக்கடல் கொந்தளிக்கற தென்மேற்கு பருவக்காத்து மாசங்கள்ல இந்தப் பக்கம் வரும், இலங்கை ரூட்டும் போடுவாங்க. சத்தமா இருக்கும், டிஜே, கல்யாண பார்ட்டி, ஆபீஸ் ஆளுங்க கூட்டம்னு. கேசினோ கரைய விட்டு வெளிய போன பிறகுதான் திறப்பாங்க, அது உங்களுக்கு தேவையில்ல. உங்க தம்பியும் அவர் ஃபிரண்ட்ஸும் மட்டும் போறாங்கன்னா கண்ண மூடிட்டு இதையே சொல்வேன். அம்பது வயசுக்கு கீழ, முதல் தடவ, கடல் ஒத்துக்குதான்னு பாக்கணும், காசும் அதிகம் போடக்கூடாதுன்னா இது சரியான இடம்.

கப்பல்னு பேரு இருக்கறதெல்லாம் க்ரூஸ் இல்ல, இதையும் சொல்லிடறேன், ரெண்டு பேரு ஏமாந்து வந்து என்கிட்ட புலம்பினாங்க. சென்னைல இருந்து அந்தமான் போற அரசாங்க கப்பல் ஆள ஏத்தி இறக்கற கப்பல், மூணு நாள் ஆகும், பங்க் கிளாஸ்ல படுத்தா ரயில் ஸ்லீப்பர் மாதிரி. எனக்கு அது ரொம்ப பிடிக்கும், ஆனா அப்பா அம்மாவுக்கு அறுபதாங் கல்யாண ட்ரிப்னு அதுல கூட்டிட்டு போகாதீங்க. நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு நின்னு 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது, நாலு மணி நேர பயணம், யாழ்ப்பாணம் போக அருமையான வழி, அதுவும் க்ரூஸ் இல்ல. லட்சத்தீவுக்கு கொச்சில இருந்து எம்வி கவரத்தில சமுத்திரம்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அஞ்சு நாள், கவரத்தி, கல்பேனி, மினிக்காய், ராத்திரி கப்பல்ல தூக்கம், பகல்ல தீவு. கடலுக்குள்ள முங்கி மீன் பாக்கணும், பவளப்பாறை பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு இதுக்கு மேல இந்தியால ஒண்ணு கிடையாது. ஆனா பர்மிட் வாங்கணும், ஒவ்வொரு தீவுலயும் சின்ன போட்டுக்கு மாறி மாறி ஏறணும், அம்மாவுக்கு ஆகாது.

ஒரு காலத்துல நம்ம ஆளுங்களுக்கு கப்பல்னாலே ரஜூலாதான். 1926ல கட்டினது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு எழுபதுகள் வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் சிதம்பரம்னு ஒரு கப்பல், எண்பதுகள்ல தீ விபத்து ஆச்சு, அதோட அந்தக் கதை முடிஞ்சுது. எங்க தெருல வயசானவங்க இன்னும் "கப்பல்ல வந்த பொட்டி"ன்னு ஒரு தகரப்பெட்டி வச்சிருக்காங்க. இத ஏன் சொல்றேன்னா உங்களுக்கு நான் சொல்லப்போறதும் அதே கடல், அதே பினாங்கு சிங்கப்பூர்தான், என்ன, இப்ப அந்தப் பக்கத்துல இருந்து ஏறணும்.

சிங்கப்பூர்ல ஏறி மூணு ராத்திரி நாலு ராத்திரி சுத்திட்டு சிங்கப்பூர்லயே இறங்கறது. உங்க ஆறு பேருக்கும் சேத்து ஒண்ணு சொல்லணும்னா இதத்தான் சொல்வேன். சென்னைல இருந்து ஃப்ளைட் நாலு மணி நேரம் சொச்சம். ஜெண்டிங் ட்ரீம்னு ஒரு கப்பல் 2022ல இருந்து அங்க ஓடுது, ஒன்றரை லட்சம் டன், அந்த கணக்கு போட்டா 45 கிட்ட வரும், இந்திய சைவச் சாப்பாடு தனியா உண்டு, நம்ம ஆளுங்க கூட்டம் அதிகம். ராயல் கரீபியன்னு ஒரு கம்பெனி கப்பலும் சீசனுக்கு சீசன் மாறி மாறி வந்து நிக்கும், அதுல குழந்தைங்களுக்கும் தம்பி மாதிரி ஆளுக்கும் விளையாட்டு சாமான் ஜாஸ்தி. அம்மா அப்பாவ வச்சு பாத்தா முதல்ல சொன்னது, பாப்பாவையும் தம்பியையும் வச்சு பாத்தா ரெண்டாவது. நான் எப்பவும் வயசானவங்க பக்கம்தான், ஏன்னா சின்னவங்க எங்க விட்டாலும் விளையாடிக்குவாங்க.

ரூட்டு பாக்கறப்ப ஊர் பேர பாத்து ஏமாறக்கூடாது. கோலாலம்பூர்னு போட்டிருப்பான், கப்பல் நிக்கறது போர்ட் கிளாங், அங்க இருந்து ஊருக்குள்ள போகவே டிராஃபிக்க பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல. பாங்காக்னா லேம் சபாங், நூறு கிலோமீட்டருக்கு மேல. ரோம்னு போட்டா சிவிட்டாவெக்கியா, அதுவும் எழுபது எண்பது கிலோமீட்டர். பண்ருட்டில இறக்கிவிட்டு பாண்டின்னு சொல்ற மாதிரியே வச்சுக்கங்க, அதவிட ஜாஸ்தி. பினாங்கு அப்படி இல்ல, ஜார்ஜ் டவுனுக்குள்ளயே கட்டுவாங்க, இறங்கினா லிட்டில் இந்தியாவுக்கு நடந்துடலாம், நடக்க முடியலன்னா டாக்சில அஞ்சு நிமிஷம், 1833ல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, வாழை இலைல சாப்பாடு இருக்கு. உங்க அம்மா அப்பாவுக்கு கப்பல்ல இருந்து இறங்கினதும் மாரியாத்தா, இதுக்கு மேல என்ன வேணும். ஃபூக்கெட் சில கப்பல் பாட்டோங் பீச் எதிர்ல நடுக்கடல்ல நின்னு டெண்டர்ல இறக்கும், மே மாசத்துக்கு மேல அங்க அலையும் ஜாஸ்தி. நீங்க ஏப்ரல் கடைசி மே மாசம்தான் லீவுன்னா பினாங்கு, போர்ட் கிளாங் இருக்கற ரூட்டா எடுங்க, மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேசியா, ரெண்டு சுவருக்கு நடுவுல போற மாதிரி, ஆட்டம் கம்மி.

ஆட்டம்னதும் சீசன் ஞாபகம் வருது. நம்ம வங்கக்கடல்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் க்ரூஸ் பத்தி யோசிக்கவே வேணாம், வாடைக்காத்து அடிக்கற நேரம் அது. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல், நமக்கு யாரும் சொல்லித்தரணுமா. புயல்னா கப்பல் மூழ்காது, ஊர மாத்திடுவாங்க இல்ல ரத்து பண்ணுவாங்க, நீங்க போட்ட பிளான் போச்சு. ஐரோப்பால மத்திய தரைக்கடல் பக்கம்னா ஏப்ரல்ல இருந்து அக்டோபர், அலாஸ்கான்னா மே முதல் செப்டம்பர், துபாய்னா நவம்பர் முதல் மார்ச், கரீபியன்ல ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் சூறாவளி காலம், அப்ப டிக்கெட் சீப்பா இருக்கும், ஏன் சீப்புன்னு இப்ப புரியும்.

வாந்திக்கு பயப்படாதீங்க. பெரிய கப்பலுக்கு அடில ரெண்டு பக்கமும் மீனு துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும், உருளறத நல்லாவே குறைக்கும். பார்க்ல சீசா பாத்திருப்பீங்க, முனைல உக்காந்தவன் ஏறி இறங்குவான், நடுவுல நிக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. கப்பலும் அதேதான், ரூமு நடுவுல, கீழ் மாடில எடுத்தா ஆட்டம் தெரியாது, அதிசயமா அதுதான் விலையும் கம்மி. அவோமின் மாத்திரை போடறதா இருந்தா ஆட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போடணும், வாந்தி வந்த பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல, தூக்கம் வரும், அப்பாவுக்கு ப்ராஸ்டேட், கண் அழுத்தம் மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர கேட்டுட்டு போடுங்க. எங்க க்ரூ ஆளுங்க வைத்தியம் பச்சை ஆப்பிளும் இஞ்சியும்தான், கூடவே வெளிய வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்ட பாத்துட்டு நிக்கறது.

இப்ப ரூம். ஜன்னலே இல்லாத இன்சைட், ஜன்னல் வச்ச ஓஷன் வியூ, பால்கனி, அதுக்கு மேல சூட். சின்ன வயசு ஆளுங்க இன்சைட் எடுத்துட்டு மிச்ச காச வெளிய செலவு பண்ணலாம், ரூமுக்கு தூங்கதான வர்றாங்க. அம்மா அப்பாவுக்கு மட்டும் பால்கனி போடுங்க. ஏன்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும், மூணு மணிக்கு அவங்க உக்கார இடம் அது. ரெண்டு நாற்காலி, கடல், சத்தம் இல்ல, பாத்ரூம் நாலு அடில. நீங்க மூணு பேரும் இன்சைட்ல இருந்துட்டு பகல்ல அங்க போய் உக்காந்துக்கலாம், நாங்க வேலை செய்யற எல்லா கப்பல்லயும் விவரம் தெரிஞ்ச குடும்பம் பண்ற வேலை இதுதான். பாத்ரூம் வாசல்ல ஒரு படி உசரமா இருக்கும், தண்ணி வெளிய வராம இருக்க, ராத்திரில அதுல தடுக்கி விழுந்தவங்கள நானே தூக்கியிருக்கேன். முட்டி ரொம்ப மோசம்னா அந்த படி இல்லாத அக்சசிபிள் ரூம் தனியா இருக்கு, கேட்டா குடுப்பாங்க, ரொம்ப முன்னாடியே கேக்கணும்.

மேல் மாடி நீச்சல் குளத்துக்கு நேர் கீழ ரூம் எடுத்துடாதீங்க, விடியக்காலைல நாற்காலிய தரதரன்னு இழுப்பாங்க. டிஸ்கோவுக்கு மேல கீழ ரெண்டுமே வேணாம். டெக் பிளான்னு மாடி மாடியா போட்ட கப்பல் வரைபடம் நெட்ல கிடைக்கும், ரூம் நம்பர வச்சு மேல என்ன கீழ என்னன்னு பாத்துடலாம். எங்க அத்தை பையன் ஒரு ஏஜென்ட்ட நம்பி ஓஷன் வியூன்னு காசு கட்டினான், போய் திரைய விலக்கினா ஜன்னல் முழுக்க ஆரஞ்சு கலர், உயிர்காக்கும் படகு தொங்குது. நாலு நாளும் அந்த படகோட வயித்த பாத்துட்டு வந்தான். ஏஜென்ட்ட கேட்டா "கடலும் தெரியும் சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க"ன்னாராம். மறைக்கற வியூன்னு டிக்கெட்ல சின்ன எழுத்துல போட்டுத்தான் இருந்துச்சு, படிக்கல. ரூம் நம்பர கையில வாங்காம முழு காசும் கட்டாதீங்க.

தம்பிதான் இதுல தலைவலி. க்ரூஸ்ல விலை ரூமுக்கு ரெண்டு ஆளுன்னு கணக்கு, ஒருத்தர் தனியா இருந்தா பெரும்பாலும் ரெண்டு ஆளு காசு கட்டணும். மூணாவது நாலாவது ஆளுக்கு விலை கம்மி, மேல இருந்து இறக்கற பங்க்ல படுக்கணும். அப்பா அம்மா ரூம்ல தம்பிய போட்டா மிச்சம்தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பார்ட்டி முடிச்சு வந்து ஏணி ஏறுவார், அப்பா முழிச்சுட்டு மணி என்னன்னு கேப்பார். இன்னொண்ணு, ட்ரிங்க்ஸ் பேக்கேஜ்னு ஒண்ணு விப்பாங்க, ஒரே ரூம்ல இருக்கற பெரியவங்க எல்லாரும் சேந்து வாங்கணும்னு சில கம்பெனில விதி. அப்பா அம்மா பேர்ல சரக்கு பேக்கேஜ் வாங்கற அளவுக்கு தம்பிக்கு தைரியம் இருக்கான்னு பாத்துக்கங்க. ஒரு ஃபிரண்ட கூட்டிட்டு வரச்சொல்லி ரெண்டு பேருக்கும் ஒரு இன்சைட் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி.

அஞ்சு லட்சம் போதுமா? போதும், இழுத்து புடிச்சா. விலை தினமும் மாறும், அதனால நான் நம்பர் சொல்லல, ஒரு வழி சொல்றேன். விளம்பரத்துல ஒரு ஆளுக்குன்னு போட்டிருக்கற விலைய ரெண்டால பெருக்குங்க, கிட்டத்தட்ட உண்மை செலவு அங்க வந்து நிக்கும். துறைமுக வரி தனி. டிப்ஸ் தனி, அது நம்ம ஹோட்டல் மாதிரி விருப்பப்பட்டா குடுக்கறது இல்ல, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15-லிருந்து 20 டாலர் தானா கணக்குல ஏறும், குழந்தைக்கும் சேத்து. 18 டாலர்னு வச்சா ஆறு பேர், நாலு நாள், 432 டாலர், ஆச்சு நாப்பதாயிரம் ரூபா கிட்ட. இத யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க. அந்த காசுல எங்க சம்பளம் இருக்குங்கறதால நான் அத குறை சொல்ல மாட்டேன், முன்னாடியே கணக்குல எடுத்துக்கங்கன்னுதான் சொல்றேன். வைஃபை தனி, போன ஏரோப்ளேன் மோட்ல போடலன்னா கப்பல் டவர புடிச்சு ரோமிங்ல தீட்டிடும். மெயின் சாப்பாடு, பஃபே, ஷோ எல்லாம் டிக்கெட்லயே வந்துடும், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட் போனா காசு, போகத் தேவையே இல்ல. பேக்கேஜா எடுத்தா டிசிஎஸ்னு ஒரு வரி புடிப்பாங்க, வருமான வரி ரிட்டர்ன் போடறப்ப கழிச்சுக்கலாம், தொலஞ்சு போன காசு இல்ல. ஃப்ளைட்ட கப்பல் கிளம்பற அன்னைக்கே வச்சுக்காதீங்க, லேட் ஆனா கப்பல் நிக்காது, முதல் நாளே போய் சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க இருக்கற சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு ராத்திரி தங்கிடுங்க. சிங்கப்பூர் விசா திரும்ப உள்ள வர்ற மாதிரி மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும், நடுவுல கப்பல் வேற நாட்டுக்கு போயிட்டு வருது இல்ல. மலேசியா, தாய்லாந்து விதி மாறிக்கிட்டே இருக்கும், புக் பண்ற வாரம் பாத்துக்கங்க, பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி ஆகணும்.

இன்ஷூரன்ஸ் எடுக்காம அப்பா அம்மாவ ஏத்தாதீங்க. கப்பல்ல டாக்டர் இருக்கார், பில்லு டாலர்ல. பிபி, சுகர் மாத்திரை எல்லாம் கைப்பைல இருக்கணும், பெரிய பெட்டிய ஏறறப்ப வாங்கிட்டு போயிடுவாங்க, சாயந்தரம்தான் ரூம் வாசலுக்கு வரும்.

சாப்பாடு, புக் பண்றப்பவே "இந்தியன் வெஜிடேரியன்"னு போடுங்க, வெறும் வெஜிடேரியன்னு போட்டா பாஸ்தாவும் வெந்த காயும் வரும், சிலர் மீன் சாப்பிடறவங்களயும் வெஜிடேரியன்னு நினைச்சுப்பாங்க. முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டர்கிட்ட நாளைக்கு என்ன வேணும்னு சொல்லிடணும், பெரும்பாலும் கோவாகாரரோ கேரளாகாரரோ ஒருத்தர் கிச்சன்ல இருப்பார், வெள்ளை சோறு, பருப்பு, தயிர்னு கேட்டா செஞ்சு குடுத்துடுவாங்க. ரைஸ் குக்கர் எடுத்துட்டு போகாதீங்க, அயர்ன் பாக்ஸும் கூடாது, ஸ்கேனிங்ல புடிச்சு வச்சுட்டு கடைசி நாள்தான் குடுப்பாங்க. கப்பல் சாப்பாட்ட கரைக்கு எடுத்துட்டு போகவும் கூடாது.

மத்த வயசுக்காரங்க படிச்சா அவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. கைக்குழந்தைன்னா ஆறு மாசம் ஆகியிருக்கணும், ரொம்ப நாள் கடல்லயே போற ரூட்டுக்கு ஒரு வயசு. கர்ப்பமா இருக்கறவங்கள 24 வாரம் ஆயிட்டா பெரும்பாலான கம்பெனி ஏத்தாது. புதுசா கல்யாணம் ஆனவங்க பெரிய கப்பல் எடுக்காதீங்க, குழந்தைங்க கூட்டம். பசங்கள கட்டிக்குடுத்துட்டு ரெண்டு பேரா கிளம்பறவங்களுக்கு கடல விட ஆறு நல்லா இருக்கும். ஐரோப்பால டான்யூப் மாதிரி ஆத்துல போற கப்பல்ல நூத்தம்பது இருநூறு பேர்தான், ஊருக்கு நடுவுலயே நிக்கும், ஆட்டமே கிடையாது, வைக்கிங்னு ஒரு கம்பெனி 18 வயசுக்கு கீழ சேக்கறதே இல்ல, கேசினோவும் கிடையாது, ஆனா விலை கண்ண கட்டும். வரலாறு பிடிச்சவங்க நைல் நதில லக்சர் அஸ்வான் போங்க, மூணு நாலு ராத்திரி, அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், நம்ம கோயில் பிரகாரம் சுத்தி வளந்தவங்களுக்கு அந்த தூண் எல்லாம் பாத்தா உடம்பு சிலிர்க்கும். முட்டி வலிக்காரங்களுக்கு அங்கயும் ஒரு சிக்கல், கப்பல் ஒண்ணு பக்கத்துல ஒண்ணுன்னு வரிசையா கட்டுவாங்க, கரைக்கு போக நாலு கப்பல் வழியா நடந்து போகணும். காசி திப்ருகர் கங்கா விலாஸ் 2023 ஜனவரில ஆரம்பிச்சாங்க, 51 நாள், 36 பேர், அது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்ல, பேப்பர்ல படிச்சுக்கலாம்.

நீங்க எதுவும் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த வாரம் ஒரு நாள், சனி ஞாயிறு வேணாம் கூட்டமா இருக்கும், அம்மா அப்பாவ சுண்ணாம்பாறு போட் ஹவுஸ் கூட்டிட்டு போய் பாரடைஸ் பீச் போட்ல ஏத்துங்க. ஏறறப்பவும் இறங்கறப்பவும் அம்மா கால எப்படி எடுத்து வைக்கறாங்க, யார் தோள புடிக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. தடுமாறாம ஏறினாங்கன்னா டெண்டர் இருக்கற ரூட்டும் எடுக்கலாம். பயந்தாங்கன்னா துறைல கட்டற ஊர் மட்டும்தான். எப்படி ஏறினாங்கன்னு வந்து சொல்லுங்க, அத வச்சு ரூட்டும் தேதியும் பேசலாம்.